ஐதரும் சுவார்ட்சு ஐயரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் வழியில் தியாகதுருக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள மலைக்கோட்டையின்மீது நின்று மேற்கே நோக்கின் கல்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையினரும் இக்கோட்டைக்காக மாறிமாறிப் பொருதனர். அப்போர்களுக்குச் சமயம் காரணமன்று; ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி ஆங்கிலேயர் பக்கமே நின்றார். மண்ணும் வரிப்பணமுமே காரணம். எனினும் கிறித்தவரான ஆங்கிலேயரும் இசுலாமியரான ஐதர் அலியும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத காலம் அது. அக்காலத்தில் ஐதர் ஐயமின்றி நம்பிய கிறித்தவர் ஒருவர் இருந்தார். அவரே சுவார்ட்சு ஐயர். கிறித்தவப் போதகரை ஐயர் என்றழைத்தல் அந்நாளைய வழக்கு.

அவர் 1726-இல் பிரசிய நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்தார். ஆலே நகரில் கல்வி பயிலுங்காலத்தே தமிழையும் கற்கத் தொடங்கினார். 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தபோது, அங்கிருந்த இசுலாமியரோடு அளவளாவும் பொருட்டுப் பாரசீகமும் இந்துத்தானியும் பயின்றார். பிறர் தம் மொழியைக் கற்று வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் சமயத்தை மறைத்துப் பேசும் இயல்பும் அவரிடம் இல்லை. அதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அவ்வெளிப்படையே அவர்பால் மதிப்பை வளர்த்தது எனல் பொருந்தும்.

1779-இல் சென்னை ஆளுநர் இரம்போல்டு, ஐதரின் உட்கருத்தை அறிந்துவருமாறு ஐயரை வேண்டினார். அமைதிக்குரிய பணியென எண்ணி அவர் உடன்பட்டார். கரூர் வழியாகச் சென்று சீரங்கப்பட்டணத்தை அடைந்தார். ஐதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்தி உரையாடினார். இடையே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஐதர் எழுத்தறியாதவர், ஆயினும் நினைவாற்றல் மிக்கவர். ஆங்கிலேயர் உடன்படிக்கைகளை மீறியமையை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார். ஐயரால் அவற்றை மறுக்க இயலவில்லை. தம்மை அனுப்பியோர் தவறே ஆயினும் கேட்டதைக் கேட்டவாறே சென்னைக்கு உரைத்தார். ஐதரின் கோட்டைப் புறத்தே ஞாயிறுதோறும் அவர் கிறித்தவ வழிபாடு நடத்தினார். எவரும் தடை செய்திலர். விடைபெறும்போது ஐதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் அளித்தார். அதனை ஐயர் சென்னை அரசிடமே ஒப்படைத்தார். அரசு ஏற்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைச் சிறுவர் பள்ளிக்கு முதலாக்கினார்.

தூது பயன்தரவில்லை. 1780-இல் ஐதரின் பெரும்படை கல்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள செங்கம் கணவாய் வழியே இறங்கியது. ஊர்கள் எரிந்தன, பஞ்சம் சூழ்ந்தது. அவ்வேளையிலும் ஐயரை எங்கும் தடையின்றிப் போகவிடுமாறு ஐதர் தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டார். பகைவர் பாசறைகளினூடே அவர் அச்சமின்றிச் சென்று வந்தார். தஞ்சைக் கோட்டையில் நெல் தீர்ந்தபோது, முன்னர் விலை பெறாது ஏமாந்த உழவர் வண்டிமாடு தர மறுத்தனர். பணத்துக்குத் தாம் பொறுப்பென ஐயர் எழுதினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது.

ஐதர் 1782-இல் மறைந்தார். மறுஆண்டு திப்புவிடம் தூது சென்ற ஐயர் சத்தியமங்கலத்திலேயே தடுக்கப்பட்டுத் திரும்பினார். அதன்பின் தஞ்சையிலேயே தங்கிப் பள்ளிகளைப் பேணி, 1798-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார்.