ஆதரவற்ற சிசுவை மருத்துவராக்கிய சாவித்திரிபாய் புலே

புதுதில்லி: கொள்ளைநோய்க் காலங்களில் அரசுக்கு விரிவான அதிகாரங்களை அளிக்கும் தொற்றுநோய்கள் சட்டம் 1897 பிப்ரவரியில் இயற்றப்பட்டது. 2020-ல் கொரோனா பரவியபோதும் அச்சட்டமே பயன்படுத்தப்பட்டது. அது இயற்றப்பட்ட அடுத்த மாதமே, பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய பெண்மணி ஒருவர் புணேயில் அந்நோய்க்கே பலியானார். அவர்தான் சாவித்திரிபாய் புலே.

சதாரா பகுதியில் உள்ள நய்காவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3-ல் பிறந்த அவர், ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேவை மணந்தார். கணவரிடமே எழுத்தறிந்து, 1848-ல் புணேயில் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். கல்விப் பணிக்காக அறியப்படும் அவரது வாழ்வில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான தொண்டு அதற்கு இணையான பகுதியாகும்.

மறுமணம் மறுக்கப்பட்ட உயர்சாதி இளம் விதவைகள் கருவுற்றால், தற்கொலையோ சிசுக்கொலையோதான் வழி என்றிருந்த காலம் அது. அத்தகைய பெண்கள் ரகசியமாக வந்து பிரசவிக்கவும், விரும்பினால் குழந்தையை விட்டுச் செல்லவும் 1863-ல் புலே தம்பதியர் இல்லம் ஒன்றைத் திறந்தனர். தமிழகத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது 1992-ல்தான்.

அங்கு பிறந்த பிராமண விதவையின் மகன் யஷ்வந்தை, மகப்பேறு இல்லாத அத்தம்பதியர் 1874-ல் தத்தெடுத்தனர். சூத்திரக் குடும்பம் என ஒதுக்கப்பட்ட வீட்டில், உயர்சாதியினர் ஏற்க மறுத்த பிள்ளை வளர்ந்து மருத்துவரானார். 1876-77 பஞ்சத்தின்போது, அவர்களது சத்திய சோதக சமாஜம் பசியால் வாடிய சிறுவர்களுக்கு உணவளித்துப் பராமரித்தது.

ஜோதிராவ் 1890-ல் மறைந்தபோது இறுதிச் சடங்கில் சாவித்திரிபாயே முன்னின்றார். சமாஜத்தின் பணிகளையும் தொடர்ந்தார். 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் புணேயை எட்டியது. நோயாளிகளைக் கண்டு உறவினரே அஞ்சி விலகிய நாள்களில், நகருக்கு வெளியே ஹடப்சர் பகுதியில் யஷ்வந்தைக் கொண்டு சிகிச்சை நிலையம் ஒன்றை அமைத்தார்.

அருகிலிருந்த முந்த்வாவின் மஹர் குடியிருப்பில் சிறுவன் ஒருவனுக்கு நோய் கண்டது. தீண்டத்தகாதவன் எனச் சமூகம் விலக்கிவைத்த அச்சிறுவனை, 66 வயதான சாவித்திரிபாய் தம் முதுகில் சுமந்து சிகிச்சை நிலையத்திற்குக் கொண்டுவந்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். அதன்பின் அவரையும் நோய் பற்றியது. 1897 மார்ச் 10-ல் அவர் காலமானார்.

அதே ஆண்டு புணேயில், பிளேக் தடுப்பு என்ற பெயரில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. ஜூன் மாதம் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அந்தக் கெடுபிடிகளும் கொலையும் தேசிய வரலாற்றில் விரிவாக இடம்பெற்றன. ஹடப்சர் சிகிச்சை நிலையமோ நெடுங்காலம் பேசப்படவில்லை.

மத்திய அரசு 1998-ல் சாவித்திரிபாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2014-ல் புணே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் வளர்த்த யஷ்வந்தும் 1905-ல் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கையில் அந்நோய் தாக்கியே உயிரிழந்தார்.