டார்வினின் ரகசியம் அறிந்த விசுவாசி: தாவரவியலாளர் ஆசா கிரே

1855ஆம் ஆண்டுத் தொடக்கம். சரவாக்கின் சந்துபோங் மலையடிவாரத்தில் மழைக்காலத்தைக் கழித்துக் கொண்டிருந்த ஆங்கிலேயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், புதிய உயிரினங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1858 ஜூலை 1ஆம் தேதி, அதே பொருளில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. அதோடு சார்ல்ஸ் டார்வினின் எழுத்துகள் சிலவும் வாசிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, அமெரிக்க நண்பர் ஒருவருக்கு 1857 செப்டம்பரில் டார்வின் அனுப்பிய கடிதத்தின் சுருக்கம்.

வாலஸின் கட்டுரை கைக்கு வருமுன்பே டார்வின் தம் கொள்கையை வகுத்துவிட்டார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சியாக நின்றது. அதைப் பெற்றவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆசா கிரே. ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி.

பைபிளை நம்பினால் டார்வினைத் தள்ள வேண்டும், டார்வினை ஏற்றால் பைபிளை மூடி வைக்க வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சு பிறந்த நாளிலேயே இரண்டையும் கைவிட மறுத்தவர் கிரே.

நியூயார்க் மாநிலத்தின் சாக்குவாய்ட் என்ற ஊரில் 1810 நவம்பர் 18ஆம் தேதி பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். எட்டுப் பிள்ளைகளில் கிரேதான் மூத்தவர். மருத்துவம் படித்து 1831இல் பட்டம் பெற்றாலும் மனம் செடி கொடிகளிலேயே இருந்தது. கலைக்களஞ்சியம் ஒன்றில் தாவரவியல் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, பனி உருகி முதல் பூ மலரும் வரை காத்திருந்து அதன் பெயரைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்த இளைஞர் அவர். மருத்துவத் தொழில் அதிக நாள் நீடிக்கவில்லை.

நியூயார்க் நகரில் தாவரவியலாளர் ஜான் டோரியின் வீட்டில் தங்கினார். டோரி குடும்பம் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பம். அங்கே கிரேவுக்குச் செடிகளோடு விசுவாசமும் கிடைத்தது. அது கடைசி வரை மாறவில்லை. 1842இல் ஹார்வர்ட் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1848இல் ஜேன் லோரிங்கை மணந்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய தாவரவியல் கையேடு பல பதிப்புகள் கண்டது.

டார்வினோடு கடிதத் தொடர்பு 1855இல் தொடங்கியது. அமெரிக்கச் செடிகள் பற்றி டார்வின் கேள்விகள் கேட்பார், கிரே பொறுமையாகப் பதில் எழுதுவார். நம்பிக்கை வந்த பிறகுதான் டார்வின் தம் கொள்கையை அவரிடம் திறந்து சொன்னார், வெளியே சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு.

கிரே உடனே தலையாட்டிவிடவில்லை. அவரை அசைத்தது ஜப்பானிலிருந்து வந்த செடிகள். நம்மூர் சீன மருந்துக் கடைகளில் விற்கும் ஜின்செங்கை எடுத்துக்கொள்வோம். கிழக்காசியாவில் ஒரு வகை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இன்னொரு வகை. இடையே பெருங்கடலும் பாதிக் கண்டமும் கிடக்கின்றன. இப்படிப் பல செடிகள். ஒரு காலத்தில் வடக்கே தொடர்ச்சியாகப் பரவியிருந்த ஒரே கூட்டம், பனியுகக் குளிரால் தெற்கே தள்ளப்பட்டு இரண்டாகப் பிரிந்தது என்று 1859இல் கிரே விளக்கினார். மூதாதை ஒன்று என்றால்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

ஹார்வர்டிலேயே இதை எதிர்த்தார் லூயி அகாசிஸ். அமெரிக்காவின் புகழ்பெற்ற அறிவியலாளர் அவர், மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். ஒவ்வோர் இனமும் இன்று வாழும் இடத்திலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்பது அவர் கட்சி. மனிதர்களுக்கும் அதையே சொன்னார்: கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மூலத்திலிருந்து வரவில்லையாம். அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மனிதகுலம் ஒரே குடும்பம் என்று கிரே நின்றார். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் பைபிளின் ஆதாம் ஏவாளுக்கு நெருக்கமாக இருந்தது படைப்பை முழங்கிய அகாசிஸின் வாதம் அல்ல, டார்வினின் கொள்கைதான்.

1859 நவம்பரில் டார்வினின் நூல் வெளிவந்தது. அடுத்த மார்ச்சிலேயே கிரே விரிவான மதிப்புரை எழுதினார். அமெரிக்கப் பதிப்பில் டார்வினுக்கு உரிமைத் தொகை கிடைக்கவும் வழி செய்தார். 1860இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். இயற்கைத் தேர்வு என்பது உயிர்கள் எந்த வழியில் உருவாயின என்று காட்டுகிறதே தவிர, அந்த வழிக்குப் பின்னால் ஒருவர் இல்லை என்று காட்டவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கட்டுரைகளைச் சிறு நூலாக்கி இங்கிலாந்தில் பரப்ப டார்வினே பணம் கொடுத்தார்.

ஆனால் நண்பர்கள் இருவரும் ஒத்துப் போகவில்லை. உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்னும்படி விடுகிற குளவியை அன்பான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்று 1860 மே மாதக் கடிதத்தில் டார்வின் கேட்டார். உயிர்களில் தோன்றும் மாறுபாடுகள் நன்மையான திசையில் நடத்தப்படுகின்றன என்று கிரே கருதினார். அதற்கு டார்வின் 1868இல் அச்சிலேயே மறுப்புச் சொன்னார்: மலையிலிருந்து உருண்டு விழுந்த கற்களைக் கொண்டு ஒருவன் வீடு கட்டுகிறான், அவன் வீட்டுக்காகவே அக்கற்கள் அந்த வடிவில் உடைந்தன என்று சொல்ல முடியுமா?

கிரேவின் பக்கத்தில் பலவீனமான இடம் இதுதான். இந்தக் கேள்விக்கு டார்வின் ஏற்கும்படியான பதில் அவரிடமிருந்து கடைசி வரை வரவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. 1868இல் கிரே தம்பதியர் டார்வின் வீட்டுக்கே போய்த் தங்கினர். பூக்களின் வடிவங்கள் பற்றி 1877இல் எழுதிய நூலை டார்வின் கிரேவுக்குக் காணிக்கையாக்கினார்.

மறுபுறம் சபைக்குள்ளும் எதிர்ப்பு. பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்ல்ஸ் ஹாட்ஜ் 1874இல் டார்வினியம் நாத்திகமே என்று புத்தகம் போட்டார். கிரே அதற்கு இதழில் பதில் எழுதினார். ஜார்ஜ் பிரெடரிக் ரைட் என்ற போதகர் துணையோடு தம் கட்டுரைகளைத் தொகுத்து 1876இல் ‘டார்வினியானா’ என வெளியிட்டார். அறிவியலில் தாம் தம் வழியில் டார்வின் கட்சி, விசுவாசத்தில் நைசீன் பிரமாணத்தை ஏற்பவர் என்று அதன் முன்னுரையில் அறிவித்தார். 1880இல் யேல் இறையியல் மாணவர்கள் முன் நின்று இதையே உரைகளாகவும் நிகழ்த்தினார்.

தாம் சேர்த்த சுமார் 2 லட்சம் உலர்தாவர மாதிரிகளையும் 2,200 நூல்களையும் 1864இலேயே ஹார்வர்டுக்குக் கொடுத்துவிட்டார். 1887இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் வழங்கின. ஊர் திரும்பிய சிறிது காலத்தில் பக்கவாதம் தாக்கியது. 1888 ஜனவரி 30ஆம் தேதி, 77 வயதில் காலமானார்.

கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1873இல் மறைந்த அகாசிஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.