வாதாபி வென்ற சிறுத்தொண்டர்

நாயன்மார் 63 பேருள் போர்க்களம் கண்டவர் சிலர் உளர். ஆயினும், ஒரு பேரரசின் தலைநகரை வீழ்த்திய சேனாபதி, பின்னர் அடியார்க்கு அமுதிடுவதையே வாழ்வாகக் கொண்ட அதிசயத்தைச் சிறுத்தொண்டரிடமே காண்கிறோம்.

சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்த இவரது இயற்பெயர் பரஞ்சோதியார். மருத்துவநூல், வடநூற்கலைகள், படைக்கலப் பயிற்சி, யானை குதிரை ஏற்றம் யாவும் கற்று மன்னனின் படைத்தலைவரானார்.

அக்காலத்துச் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி, வடக்கே ஹர்ஷவர்த்தனரையே தடுத்து நிறுத்தியவன். மகேந்திரவர்மன் நாளில் காஞ்சியை நெருங்கி நடுங்கவைத்தவன். அவன் மறுமுறை வந்தபோது மகேந்திரனின் மைந்தன் நரசிம்மவர்மன் மணிமங்கலத்தில் அவனை முறியடித்தான். அத்துடன் நில்லாது பல்லவப்படை சாளுக்கியர் தலைநகராகிய வாதாபிக்கே சென்றது. 642இல் நகர் வீழ்ந்தது. இன்று கர்நாடகத்தில் பாதாமி எனப்படுவது அதுவே. நரசிம்மவர்மனின் கல்வெட்டொன்று அங்கே பாறையில் சிதைந்து கிடக்கிறது.

இப்போரில் நம் இலங்கைக்கும் பங்குண்டு. அரசிழந்து காஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்த சிங்கள இளவரசன் மானவர்மன், நரசிம்மவர்மனுக்குத் துணையாகச் சாளுக்கியரை எதிர்த்துப் பொருதான் என்று சூளவம்சம் கூறும். பிற்காலத்தில் பல்லவர் படையுதவி கொண்டே அவன் அநுராதபுரத்து அரசைப் பெற்றான்.

சேக்கிழார் மன்னனின் பெயரைக் கூறவில்லை. பரஞ்சோதியார் வாதாபியை அழித்தார் என்பதே அவர் வாக்கு. அந்த ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டே சரித்திர ஆசிரியர் காலத்தைத் துணிந்தனர். வென்று மீண்டவர் சிவனடியார் என்றறிந்த மன்னன், இவரையா போருக்கு அனுப்பினோம் என வருந்தி, நிதியளித்து ஊருக்கு அனுப்பிவைத்தான்.

ஊரில் திருவெண்காட்டு நங்கையாருடன் இல்லறம் நடத்தினார், சீராளன் பிறந்தான். அடியார் முன் தம்மைச் சிறியராக்கிப் பணிந்தமையால் சிறுத்தொண்டர் ஆனார். வைரவக் கோலத்தில் வந்த இறைவன் பிள்ளைக்கறி கேட்டதும், சீராளன் மீண்டு ஓடிவந்ததும் யாவரும் அறிந்ததே. இக்கதை கேட்டு நம் வாலிபர் பலர் முகம் சுளிப்பதுண்டு; சுளிப்பதில் குற்றமில்லை. ஆனால் வாதாபியில் மாண்டவர்களும் எவரோ பெற்ற பிள்ளைகளே அல்லரோ? அவர்களுக்காக நாம் முகம் சுளித்ததுண்டா?

வாதாபியிலிருந்து பரஞ்சோதியார் பிள்ளையார் திருவுருவத்தையும் கொணர்ந்தார் என்பது பிற்கால வழக்கு. பெரியபுராணம் மணி, நிதி, யானை, குதிரைகளையே சொல்கிறது. ஆயினும் முத்துசாமி தீட்சிதரின் அம்சத்வனிக் கீர்த்தனையால் வாதாபி கணபதி ஊரெங்கும் பரவினார். நம் மலைநாட்டுக் கோயில் திருவிழாவில் நாதசுரம் அதைத் தொடங்கும்போது, சாளுக்கியரை அறியாத சிறுவனும் வாதாபி என்கிறான்.