காரைக்குடிக்கு வரவு வைத்த வள்ளல்

ஆறு கிடையாது. துறைமுகம் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி வயல்வெளியும் கிடையாது. அப்படிப்பட்ட காரைக்குடியில் இத்தனை கல்லூரிகள் எப்படி வந்தன? நம்மிடம் படித்துப்போன யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஊரின் கணக்கைப் பார்க்க வேண்டும். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போனார்கள். கடன் கொடுத்து வட்டி வாங்குவதுதான் முக்கியத் தொழில். ரங்கூனில் சம்பாதித்த காசு இங்கே தேக்குத் தூணாகவும் ஆத்தங்குடிக் கல்லாகவும் எழுந்து நின்றது. 1930-களில் நெல் விலை படுத்துவிட்டது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் இப்படிச் சேர்ந்தது. நிலத்தை இழந்தவனுக்கு அது தீராத வேதனை. வாங்கியவருக்கும் பெரிய சந்தோஷமில்லை. பணம் மண்ணில் முடங்கிப்போச்சு. 1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஊருக்கு வந்துகொண்டிருந்த பெரிய வரவு நின்றது.

அழகப்பர் 1909 ஏப்ரல் 6-ல் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, லண்டன் போய் பாரிஸ்டரானார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தவர் பழைய லேவாதேவியோடு நிற்கவில்லை. 1937-ல் கொச்சி சமஸ்தானத்தில் நூற்பாலை தொடங்கினார். பிறகு பல தொழில்களில் இறங்கி, கைநிறையச் சம்பாதித்தார்.

சம்பாதித்ததை எங்கே போட்டார் என்பதுதான் விசேஷம். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் கொடுத்தார். 1944-ல் அது ஏ.சி. டெக் ஆயிற்று. 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டம். செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. அதுதான் நம் கல்லூரி.

அதோடு விட்டாரா? சுதந்திர இந்தியா ஆய்வுக்கூடங்களைத் திட்டமிட்டபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்று முன்வந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்டது. பெருநகரங்கள் போட்டி போடும் ஒரு நிறுவனம் இந்தச் செம்மண் பூமிக்கு வந்தது சும்மா இல்லை. இதற்கிடையே 1952-ல் பொறியியல் கல்லூரியும் வந்தது.

1956-ல் பத்மபூஷண் விருது. உடம்பு முன்பே நலிந்துவிட்டது. 1957 ஏப்ரல் 5-ல், 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னால், கண்ணை மூடினார். அவர் போட்ட விதை 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. காரைக்குடியும் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. மெஸ், லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, வாடகை வீடு, ஆட்டோ என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு, மாணவர் கூட்டத்தை நம்பித்தான் எரிகிறது. அக்கரைச் சீமைக் காசில் வாழ்ந்த ஊர், படிக்க வருகிறவர்களால் வாழும் ஊராக மாறியது.

ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அன்று ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். இன்று நாம் பட்டம் வாங்கிய கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிறோம். போவது தப்பில்லை, அழகப்பரும் போனவர்தான். போன இடத்தில் கிடைத்ததை ஊருக்கு வரவு வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ஏழை மாணவனின் பரீட்சைக் கட்டணம், நூலகத்துக்கு நாலு புத்தகம், ஒரு இளையவருக்கு வேலைக்கு வழிகாட்டல் – இதுவும் வரவுதான். மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் முறை.