ஆளுக்கு 40 மார்க்... ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஜெர்மனியை மாற்றிய லுட்விக் எர்ஹார்ட் யார்?

1948 ஜூன் 21, திங்கட்கிழமை காலை. ஜெர்மனியின் மேற்குப் பகுதி நகரங்களில் கடைவீதிக்குப் போனவர்களால் தங்கள் கண்களையே நம்ப முடியவில்லை. போன வாரம் வரை காலியாகக் கிடந்த கடைகளில் ஷூ, துணி, பாத்திரம் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மூன்று நாளில் எந்தத் தொழிற்சாலையும் இவ்வளவு பொருளைத் தயாரித்துவிட முடியாது. அப்படியென்றால் இத்தனை நாளும் இவை எங்கே இருந்தன?

குடோன்களில்தான். அவற்றை வெளியே வரவைத்த முடிவை எடுத்தவர், சுருட்டும் கையுமாகவே புகைப்படங்களில் தெரியும் லுட்விக் எர்ஹார்ட்.

துணிக்கடைக்காரர் மகன்

1897 பிப்ரவரி 4 அன்று பவேரியாவின் ஃபூர்த் நகரில் பிறந்தார் எர்ஹார்ட். அப்பாவுக்குத் துணிக்கடை. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் ஒரு பாதம் பாதிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் 1918-ல் பலத்த காயம். ஏழு அறுவை சிகிச்சைகள். கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் படிக்கப் போனார். 1925-ல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, நியூரம்பெர்க்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

நாஜிக் கட்சியில் அவர் சேரவில்லை. ஆனால், அந்த ஆட்சிக் காலத்தில் அதிகாரத் தரப்புக்கும் ஆய்வறிக்கைகள் எழுதிக் கொடுத்தார் என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. இன்னொரு பக்கம், ஜெர்மனி தோற்றுவிடும் என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு கடனையும் பணத்தையும் எப்படிச் சரிசெய்வது என 1944-ல் ஓர் அறிக்கை தயாரித்தார். போர் நடக்கும்போதே தோல்வியைப் பற்றி எழுதுவது உயிருக்கே ஆபத்தான காரியம்.

காசு இருக்கு, பொருள் இல்லை

ஹிட்லர் அரசு 1936-ல் விலைகளை உறையவைத்தது. அதோடு, போர்ச் செலவுக்காகப் பணத்தைப் பெருக்கிக்கொண்டே போனது. போர் முடிந்த பின்பும் விலைக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நேச நாடுகள் தொடர்ந்தன. நாட்டில் பணம் ஏராளம். விலையோ பழைய விலை. அந்த விலைக்கு விற்றால் கையில் வருவது மதிப்பில்லாத ரைஷ்மார்க் நோட்டு. யார்தான் விற்பார்கள்? வியாபாரிகள் சரக்கைப் பதுக்கினார்கள். கள்ளச் சந்தையில் சிகரெட்டே பணமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 20-ம் தேதி புதிய டாய்ச் மார்க் வந்தது. இது எர்ஹார்ட் மட்டும் செய்த வேலை இல்லை. திட்டத்தின் பெரும்பகுதி அமெரிக்கர்களுடையது. நோட்டுகளும் அமெரிக்காவில் அச்சாகி ரகசியமாகக் கப்பலில் வந்தவை. ஒவ்வொருவருக்கும் முதலில் 40 மார்க், பிறகு 20 மார்க் தரப்பட்டது.

எர்ஹார்ட் அப்போது அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்களின் பொருளாதார நிர்வாக இயக்குநர். நோட்டை மட்டும் மாற்றினால் போதாது, விலையையும் விடுவிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ராணுவ நிர்வாகத்தின் முறையான ஒப்புதல் வருவதற்கு முன்பே, பெரும்பாலான தொழிற்சாலைப் பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்குவதாக அறிவித்துவிட்டார். முக்கிய உணவுப் பொருட்கள், நிலக்கரி, வீட்டு வாடகை ஆகியவற்றில் கட்டுப்பாடு தொடர்ந்தது.

யாருக்கு அடி?

கடை நிறைந்தது உண்மை. ஆனால், வங்கியில் சேமித்தவர்கள் நொந்துபோனார்கள். சம்பளமும் வாடகையும் ஒன்றுக்கு ஒன்று என மாறின. சேமிப்புக்கோ 100 ரைஷ்மார்க்குக்குக் கடைசியில் கிடைத்தது வெறும் 6.50 மார்க். நிலம், ஆலை, பங்கு, பதுக்கிய சரக்கு வைத்திருந்தவர்களுக்குச் சொத்து அப்படியே நின்றது. இந்த அநியாயத்தை ஓரளவாவது ஈடுகட்ட, சொத்துள்ளவர்களிடம் தவணை முறையில் வரி வாங்கும் சட்டம் 1952-ல்தான் வந்தது.

விலைவாசியும் விறுவிறுவென ஏறியது. வேலையின்மை கூடியது. 1948 நவம்பர் 12 அன்று சுமார் 90 லட்சம் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எர்ஹார்ட் அசைந்து கொடுக்கவில்லை. 1949-ல் விலைகள் அடங்கத் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் அடேனாவர் அமைச்சரவையில் பொருளாதார அமைச்சரானார்.

அதிசயம் என்றால் பிடிக்காது

அடுத்த 14 ஆண்டுகள் அதே பதவி. 1950 தொடக்கத்தில் சுமார் 20 லட்சம் பேருக்கு வேலையில்லை. 1960-களின் தொடக்கத்தில் வேலையின்மை 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. உலகம் இதைப் பொருளாதார அதிசயம் என்றது. அந்த வார்த்தை எர்ஹார்டுக்குப் பிடிக்கவில்லை. மார்ஷல் திட்ட உதவி, கிழக்கிலிருந்து வந்த அகதிகளின் உழைப்பு, கொரியப் போரால் கூடிய ஏற்றுமதி, 1953-ல் கிடைத்த கடன் குறைப்பு என வேறு காரணங்களும் உண்டு. இதில் எர்ஹார்டின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

அவரைப் பெருமுதலாளிகளின் ஆள் என்று எளிதாக முத்திரை குத்திவிடவும் முடியாது. நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் சட்டத்துக்காகத் தொழிலதிபர்களுடன் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். 1957-ல் சட்டம் நிறைவேறியது, பல விதிவிலக்குகளோடுதான். அரசோ, முதலாளிகளோ, யார் விலையைப் பூட்டிவைத்தாலும் நஷ்டம் வாங்குபவருக்கே என்பதுதான் அவரது நிலைப்பாடு.

சறுக்கிய இடம்

1963 அக்டோபரில் பிரதமர் பதவிக்கு இணையான சான்சலர் ஆனார். 1965 தேர்தலிலும் ஜெயித்தார். ஆனால், 1966-ல் வளர்ச்சி மந்தமானது, பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. அமெரிக்கப் படைகளின் செலவுக்கு ஈடாக ஆயுதம் வாங்கும் நிபந்தனையில் அவகாசம் கேட்டு வாஷிங்டன் போனார். அதிபர் ஜான்சன் மறுத்துவிட்டார். வரியை உயர்த்தும் பேச்சு எழுந்ததும் கூட்டணிக் கட்சி அமைச்சர்கள் விலகினார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் எர்ஹார்டின் பதவி போனது.

1977 மே 5 அன்று பான் நகரில் அவர் காலமானார். அதுவரையிலும் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அவர் விலையை விடுவித்த நாளில் கையிலிருந்த டாய்ச் மார்க், யூரோ நோட்டு வந்த 2002 வரை புழக்கத்தில் இருந்தது.