வேலைக்கு ஆக மாட்டார் என்று கைவிரித்த அரசுத் துறை, பிறகு அதற்கே தலைவரானவர்: யார் இந்த எட் ராபர்ட்ஸ்?

போனில் வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறீர்களா? ஒரு கட்டத்தில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் அடுத்த ஸ்கிரீன் வந்துவிடும். அவ்ளோதான், மூன்று நொடி வேலை. ஆனால் ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்துபோன ஒருவர் என்ன செய்வார்? அவரால் அந்த ஸ்கிரீனைத் தாண்டவே முடியாது.

இது தொடர்பான வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகள் எட்டும் தூரத்தில் இருப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், எனவே கேஒய்சி நடைமுறையைத்தான் மாற்ற வேண்டும் என்றது.

மனிதருக்கு ஏற்றபடி நடைமுறை மாற வேண்டும் என்பது இன்னைக்கு நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் நிலைமை தலைகீழ். நடைமுறைக்குப் பொருந்தாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான். அதைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், நம்ம ஊர்ச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும்.

14 வயதில் என்ன நடந்தது?

ராபர்ட்ஸ் 1939 ஜனவரி 23 அன்று கலிபோர்னியாவின் சான் மட்டேயோவில் பிறந்தவர். விளையாட்டு என்றால் உயிர். 1953-ல், 14 வயதில், போலியோ தாக்கியது. போலியோ தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது 1955-ல். இரண்டே வருட இடைவெளி.

கழுத்துக்குக் கீழே உடல் அசைவை இழந்தது. ஒரு கையில் இரண்டு விரல்களும் சில கால் விரல்களும் மட்டும் அசைந்தன. மூச்சு விடுவதற்கே இயந்திரம் வேண்டும். இரும்பு நுரையீரல் என்று அழைக்கப்பட்ட, ஆளையே உள்ளே வைத்து மூடும் உருளை அது. இரவெல்லாம் அதற்குள்தான் தூக்கம். பகலில் கொஞ்ச நேரம் வெளியே இருப்பதற்காக, தொண்டைத் தசைகளால் காற்றை விழுங்கி மூச்சு விடக் கற்றுக்கொண்டார்.

பிழைத்தாலும் வாழ்நாளெல்லாம் காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்று ஒரு டாக்டர் அம்மாவிடம் சொன்னது பையன் காதில் விழுந்தது. சாப்பிட மறுத்தார், எலும்பும் தோலுமாக ஆனார். கடைசியில் அவரே முடிவை மாற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பின்னாளில் மேடைகளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: காய்கறிதான் என்றால் ஆர்ட்டிசோக்காக இருந்துவிட்டுப் போகிறேன், வெளியே முள், உள்ளே மென்மை.

டிரைவிங் தெரியாததால் பாஸ் இல்லையா?

வீட்டிலிருந்தபடி தொலைபேசி இணைப்பு வழியாகப் பாடம் கேட்டார் ராபர்ட்ஸ். கிட்டத்தட்ட ஆன்லைன் கிளாஸ், 1950-களில். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது பள்ளிக்கு நேரில் போக வேண்டும் என்பதில் அம்மா ஜோனா பிடிவாதமாக இருந்தார். முதல் நாள் எல்லோரும் அவரையே வெறித்துப் பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் அவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒன்று புரிந்ததாகப் பிறகு சொல்வார்: கூச்சம் அவர்களுடைய பிரச்சினை, எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் சினிமா ஸ்டார் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படிப்பை முடித்த நேரத்தில் பள்ளி ஒரு குண்டைப் போட்டது. டிரைவிங் வகுப்பும் உடற்பயிற்சி வகுப்பும் முடிக்கவில்லை, ஆகவே சான்றிதழ் கிடையாது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மாணவரிடம்! ஜோனா கல்வி வாரியம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டார். 1959-ல் சான்றிதழ் வந்தது.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதியை எழுதியவர்களுக்கு ராபர்ட்ஸ் மேல் எந்த விரோதமும் கிடையாது. அவரைப் போன்ற ஒருவர் வருவார் என்றே அவர்கள் யோசிக்கவில்லை. பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஃபைலில் எழுதப்பட்ட ஒரு வார்த்தை

கம்யூனிட்டி காலேஜ் முடித்த ராபர்ட்ஸ், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்பட்டார். செலவுக்கு மாநில அரசின் மறுவாழ்வுத் துறையை நாடினார். மாற்றுத்திறனாளிகள் படிக்கவும் பயிற்சி பெறவும் பணம் தருவதற்காகவே இருந்த துறை அது. அதில் ஒரு நிபந்தனை: உதவி பெறுபவர் பிறகு வேலைக்குப் போகக்கூடியவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, இவர் வேலை செய்வது சாத்தியமில்லை என்று முடிவெழுதினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நான் தரவுகளோடு வேலை செய்கிற ஆள். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவது எவ்வளவு சின்ன வேலை என்று தெரியும். அந்தச் சின்ன வேலைதான் இங்கே ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. யாருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ, அவர்களில் அதிகம் தேவை உள்ளவரையே அதன் தகுதி விதி வடிகட்டி வெளியே தள்ளியது.

குடும்பமும் நண்பர்களும் பத்திரிகைகளுக்குப் போனார்கள். செய்தி வெளியானது, துறை பின்வாங்கியது, பணம் கிடைத்தது.

அடுத்த தடை பல்கலைக்கழகம். இது போன்றவர்களை ஏற்கெனவே சேர்த்துப் பார்த்தோம், சரிப்பட்டு வரவில்லை என்ற தொனியில் ஒரு டீன் பேசினார். சுமார் 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை எந்த ஹாஸ்டல் அறையும் தாங்காது. கடைசியில் கேம்பஸ் மருத்துவமனையான கோவெலின் தலைமை மருத்துவர், அங்கேயே ஒரு அறையைத் தந்தார். ராபர்ட்ஸ் அங்கே போனது 1962-ன் இலையுதிர் காலத்தில். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர், ராணுவப் பாதுகாப்போடு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் அதே பருவத்தில்தான்.

மருத்துவமனையில் தொடங்கிய இயக்கம்

ராபர்ட்ஸ் வந்த செய்தி பரவியதும், கடுமையான உடல் குறைபாடு உள்ள வேறு சில மாணவர்களும் கோவெலுக்கு வந்து சேர்ந்தார்கள். உருளும் சக்கரங்களை வைத்து ரோலிங் குவாட்ஸ் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். டாக்டர், நர்ஸ் கட்டுப்பாட்டில் வாழ்ந்தவர்கள் இங்கே உதவியாளர்களைத் தாங்களே வேலைக்கு வைத்தார்கள், தேவைப்பட்டால் நீக்கினார்கள். எப்போது எழுவது, எங்கே போவது என்பதும் அவர்கள் முடிவுதான்.

ராபர்ட்ஸால் மோட்டார் வீல்சேரை ஓட்ட முடியாது என்றும் முன்பே ஒரு தீர்ப்பு இருந்தது. பிறகு காதல் வந்தது. பின்னால் ஒருவர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டே வந்தால் காதலியோடு எப்படித் தனியாகப் பேசுவது? இரண்டு விரல்களால் மோட்டார் வீல்சேரை ஓட்டக் கற்றுக்கொண்டார்.

1970-ல் இந்த மாணவர்கள் அமெரிக்க அரசின் நிதியோடு கேம்பஸில் ஒரு சேவை மையம் தொடங்கினார்கள். உதவியாளர் தேடித் தருவது, வீல்சேர் ரிப்பேர், தங்க வீடு பார்ப்பது என எல்லாம் ஒரே இடத்தில். மாணவர் அல்லாதவர்களும் உதவி கேட்டு வர, 1972-ல் நகரத்துக்கே பொதுவாக, சுயசார்பு வாழ்வு மையம் உருவானது. கொஞ்ச நாளில் ராபர்ட்ஸ் அதன் தலைவரானார். மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் மையம் என்பதுதான் அதன் சிறப்பு. நடைபாதை விளிம்புகளைச் சாய்வாக்கவும் பெர்க்லியில் குரல் எழுந்தது. இன்று டிராலி பேக் இழுப்பவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் அந்தச் சாய்வில்தான் போகிறார்கள்.

அதே ஆபீஸ், வேறு நாற்காலி

1975-ல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒரு நியமனம் செய்தார். மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநர்: எட் ராபர்ட்ஸ். ஆமாம், வேலை செய்வது சாத்தியமில்லை என்று எழுதிய அதே துறை. 1983 வரை அதை நடத்தினார். பெர்க்லி மாதிரியான மையங்கள் மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கும் போயின. 1978-ல் திருத்தப்பட்ட தேசியச் சட்டம், இவ்வகை மையங்களுக்கு அமெரிக்க அரசே நிதி தர வழி செய்தது.

504 என்றால் என்ன?

1973-ன் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தில் 504-வது பிரிவு ஒன்று உண்டு. மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டமும், குறைபாட்டைக் காரணம் காட்டித் தகுதியுள்ள ஒருவரை ஒதுக்கக் கூடாது, பலனை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, உதவித்தொகை ஆபீஸ் எல்லாம் இதற்குள் வரும்.

ஆனால் விதிமுறைகள் வெளியிடப்படாமல் நான்கு வருடம் இழுத்தடிக்கப்பட்டது. விதிமுறை இல்லாத சட்டம் என்பது வண்டி இருந்தும் சாவி இல்லாத மாதிரி. 1977 ஏப்ரல் 5 அன்று சான்பிரான்சிஸ்கோவில் சுகாதாரம், கல்வி, நலத்துறையின் அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னின்று நடத்தியவர்கள் ஜூடி ஹியூமன், கிட்டி கோன் போன்றவர்கள். மருந்தும் உதவியாளரும் இல்லாமல் உயிரைப் பணயம் வைத்தே பலர் அங்கே இருந்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். பிளாக் பேந்தர் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மாநில அரசின் உயர் பதவியில் இருந்தும் ராபர்ட்ஸ் போராட்டக்காரர்கள் பக்கம் வெளிப்படையாக நின்றார். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையெழுத்திட்டார்.

இன்றும் அந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்க சுகாதார, மனித சேவைகள் துறை அதன் விதிகளைப் புதுப்பித்தது. இணையதளம், மொபைல் ஆப், மருத்துவப் பரிசோதனைக் கருவிகள் எல்லாம் அதில் சேர்ந்தன.

சரி, இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ராபர்ட்ஸ் 1995 மார்ச் 14 அன்று, 56 வயதில் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் இந்திய நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம், குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21 ஆக்கியது. நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்றும் சொன்னது.

இங்கே ஒரு தரவுச் சிக்கல் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் 2.68 கோடி என்பது, மக்கள்தொகையில் 2.21 சதவீதம். அந்தப் படிவத்தில் இருந்தவை 8 வகைகள். சட்டம் 21 வகைகளைப் பேசுகிறது, நம் கையில் இருப்பது அதற்கு முந்தைய எண்ணிக்கை. கணக்கில் வராதவர்களுக்குத் திட்டம் எப்படிப் போய்ச் சேரும்?

ராபர்ட்ஸின் ஃபைலை நினைவூட்டும் ஒரு வழக்கும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்க முடியாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று மதிப்பீட்டுக் குழு உண்மையிலேயே ஆராய வேண்டும், முடியாது என்றால் காரணத்தை எழுத வேண்டும். அடுத்த மாதமே இன்னொரு தீர்ப்பில், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது.

ராபர்ட்ஸ் பயன்படுத்திய வீல்சேர் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவரை நிறுத்திய படிவம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. ஆப் டிசைன் செய்பவராக, ஹெச்ஆர் வேலையில் இருப்பவராக, அரசுத் திட்டத்தின் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவராக, அது உங்கள் கைக்கே வரலாம். தகுதியில்லை என்ற கட்டத்தில் டிக் அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: முடியாமல் இருப்பது இவருக்கா, இந்தப் படிவத்துக்கா?