பேரறிஞர் ஹாஃப்கின்

வீட்டில் எலி செத்து விழுந்தால் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்து, வெட்டவெளியில் கொட்டகை போட்டுக் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு மக்களைக் காத்தவர் வால்டெமர் ஹாஃப்கின் ஆவார்.

அவர் 1860-ஆம் ஆண்டு, அன்று ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த ஒடெஸா நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றினார். விலங்கியலில் தேர்ந்த அவருக்கு, யூதர் என்ற காரணத்தால் பிறந்த நாட்டில் உயர்பதவி கிட்டவில்லை. பாரிஸ் சென்று, பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் சிறு பணி ஏற்று, அங்கேயே ஆராய்ச்சியும் நடத்தினார். 1892-இல் காலராத் தடுப்பு மருந்து கண்டு, அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தா வந்து, மக்களுக்கு அம்மருந்தை அளிக்கலானார்.

1896-இல் பம்பாயின் மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் புகுந்தது. துறைமுகத்தை அடுத்துத் தானியக் கிடங்குகள் மலிந்திருந்த அவ்விடத்தில் எலிகள் மடிந்தன. பின்னர் மனிதர் மடிந்தனர். அதிகாரிகள் சாக்கடைகளைக் கழுவினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். சோதனைக்கு அஞ்சிய மக்கள் நோயாளிகளை மறைத்தனர். பலர் நகரைவிட்டே ஓடினர். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை 1898-இல்தான் சிமோண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார்.

இந்நிலையில், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய இடமொன்றில், ஓர் எழுத்தரையும் மூன்று பியூன்களையும் துணைகொண்டு ஹாஃப்கின் இராப்பகலாக உழைத்தார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் புதிய மருந்தைத் தமக்கே செலுத்திக்கொண்டார். அதன்பின் பைகுல்லா சிறையில், தாமே முன்வந்த கைதிகளுக்கு அளித்தார். மருந்து பயன் தந்தது. ஆகாகான் பலர் காண ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தார்க்கு வழிகாட்டினார். கட்டாயச் சோதனைக்குக் கதவடைத்த நகரில், மனம் ஒப்பி ஊசிக்கு வந்தவர் ஆயிரக்கணக்கானோர்.

ஆயினும் பெரும் சோதனை ஒன்று அவருக்குக் காத்திருந்தது. 1902-இல் பஞ்சாபைச் சேர்ந்த மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டோருள் 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தனர். அனைவர்க்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. அவர் பதவி இழந்தார். புட்டியைத் திறந்தபோது தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதே காரணம் என்பதற்குச் சான்றுகள் இருந்தன. ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. எனினும் தாம் வளர்த்த பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் திரும்ப இயலவில்லை. கல்கத்தாவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றார்.

1925-இல் அப்பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பெற்றது. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் தாங்கிய தபால்தலை வெளியிட்டது.

பிறர்க்கு அளிக்கும் மருந்தைத் தாம் முதலில் ஏற்றுச் சோதித்ததனாலேயே அவர் சொல் மக்களிடம் செல்லுபடியாயிற்று. பொதுநலப் பணியில் இறங்குவோர் எவரும் நெஞ்சில் இருத்தத்தக்க வாழ்க்கை அது.